புல்லும் கல்லும்

சாலை ஓரத்தில் நட்டிருக்கும் கல்லையும் பலகையையும் நின்று படித்துவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் ஒரு தனி ரகம். நானும் அந்த ரகத்தைச் சேர்ந்தவன்தான். இந்தப் பழக்கத்தால் எனக்கு என்ன லாபம் என்று என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். தவறவிட்ட பஸ்களின் கணக்கை ஊர் பேருடன் ஒப்பித்து விடுவாள். "கல் எங்கே ஓடிவிடப் போகிறது? அது அங்கேயேதான் இருக்கும்; பஸ் இருக்காது" என்பது அவள் கட்சி. பஸ் அரை மணிக்கு ஒன்று வரும்; கல்தான் அடுத்த முறை வரும்போது இருக்குமோ இராதோ என்பது என் கட்சி. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ரகத்து ஆசாமிகளுக்கு அமெரிக்கா ஒரு சொர்க்கம் என்று சொல்ல வேண்டும். அங்கே வர்ஜீனியா ராஜ்யத்தில் 1927-ல் ஒரு காரியம் ஆரம்பித்தார்கள். மோட்டார் வண்டிகள் பெருகி வந்த காலம் அது. சாலையில் விரைகிறவர்கள் தாங்கள் எந்த மண்ணின் மீது விரைகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? உலோகத்தில் எழுத்துக்களை வார்த்து, நாலைந்து வரிகளில் விஷயத்தைச் சுருக்கி, சாலை ஓரம் நட்டு வைத்தார்கள். பிற ராஜ்யங்களிலும் இப்படி உண்டு. இன்று அந்த நாட்டில் சின்னஞ்சிறு நகரங்களில்கூட இத்தகைய பலகைகளைப் பார்க்கலாம். முதல் பள்ளிக்கூடம் இருந்த இடம், ஆற்றங்கரை மாவு மில் இருந்த இடம், யுத்தத்துக்குப் போன ஜெனரல் ஒருவர் ஒரு ராத்திரி தங்கிய சத்திரம், எல்லாவற்றுக்கும் பலகை! இருநூற்றைம்பது வருஷம் என்றால் அவர்களுக்கு ஆதிகாலம். கையில் உள்ளது கொஞ்சம் என்பதால் பத்திரமாக எண்ணி எண்ணி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கோ கையில் உள்ளது ஏராளம். எண்ணுவதற்கு யாருக்குப் பொழுது இருக்கிறது?

ஆனால் பலகை வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் பிழைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. லண்டன் மாநகரத்தில் பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் பெயர்த் தகடு பதிக்கும் திட்டம் 1866-ல் தொடங்கியது. மறு வருஷம் முதல் தகடு, கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் ஏறியது. 1889-ல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள்! தகட்டினால் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

அதே 1889-ல்தான் சென்னையில் இன்னொரு காரியம் நடந்தது. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். லண்டனில் ஒரு வீடு போன வருஷத்தில், இங்கே நமக்கு ஒரு நாடு கிடைத்தது. அந்த நாட்டைப் பார்ப்பதற்காகத்தான் சமீபத்தில் நான் கலசப்பாக்கம் போனேன்.

கலசப்பாக்கம், போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு தாலுகாவுக்கும் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கும் பெயர் கொடுத்திருக்கும் ஊர் என்றாலும், பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு அண்ணாமலையாரைத் தரிசிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலைத் தொடர். இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் 4,560 அடி உயரத்துக்குத் தனித்து நிற்கும் பர்வதமலை. மலையில் பிறந்த செய்யாறு செங்கத்தின் வழியே வந்து கலசப்பாக்கத்தைத் தொட்டுக்கொண்டு, கிழக்கே போய்ப் பாலாற்றில் சேர்கிறது. வருஷந்தோறும் ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே புறப்பட்டு வந்து, கலசப்பாக்கத்துத் திருமாமுடீசுவரரை இந்த ஆற்று மணலில் சந்தித்துத் தீர்த்தவாரி காண்கிறார். ஊருக்கு அன்றைக்குத்தான் உண்மையான திருநாள்.

பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் என்ற புலவர் பாடியது, 583 அடிகள். நன்னன் என்ற வேளிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். நன்னனுடைய ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலைதான் பர்வதமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சேயாறு என்று பாட்டு அழைக்கும் ஆறு, கலசப்பாக்கத்தில் நாம் காலை நனைக்கும் இதே செய்யாறு. அந்த நவிரமலையில் நஞ்சை உண்ட கடவுள் உறைகிறார் என்கிறது பாட்டு. இந்த வட்டாரத்து ஆற்றங்கரையில் காஞ்சி, கடலாடி, எலத்தூர், பூண்டி, குருவிமலை என்று வரிசையாகக் கரைகண்டேசுவரர் கோயில்கள் இருக்கின்றன. ஏழு தலங்கள் சேர்ந்து சப்த கரைகண்டம் என்று பெயர். கறைகண்டன் என்றால் நஞ்சை உண்டு கழுத்துக் கறுத்தவன். முருகன் வேலை எறிந்து ஆறு உண்டாக்கிய கதையோடு இந்தத் தலங்களை முடிந்து ஊரார் சொல்வார்கள். சங்கப் புலவர் சொன்ன கடவுளின் அடையாளம் இத்தனை நூற்றாண்டுகளாக ஊர்க் கோயில்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த இலாகாவும் எழுதி வைக்காத பலகை அது.

எழுதி வைத்த பலகைகளுக்கும் குறைச்சல் இல்லை. நான் சுற்றிய அளவில் கலசப்பாக்கத்திலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனையோ கல்வெட்டுக்களைப் படித்தேன். பயணிகள் நிழற்குடையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியில் ஒன்று, சமுதாயக் கூடத்தில் ஒன்று. எந்த நிதியில் கட்டியது, யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வைத்தார், எல்லாம் பளிங்கில் பொறித்திருக்கிறது. தலைமைக்கும் முன்னிலைக்கும் நம்மவர்கள் காட்டும் சிரத்தையில் கால் பங்கை நன்னனுக்குக் காட்டியிருந்தால் அவன் பெயர் ஒரு மளிகைக் கடைப் பலகையிலாவது ஏறியிருக்கும். என் கண்ணில் படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வழியில் அடையாளம் வைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள நாம் வர்ஜீனியாவுக்குப் போக வேண்டியதே இல்லை. மலைபடுகடாத்தின் வழி, சொல்லப்போனால், இந்த மண்ணின் அடையாளங்களுக்கே ஒரு கையேடு. பத்துப் பன்னிரண்டு அடிகளுக்குள் மூன்று விதமான அடையாளங்கள் அதில் வந்துவிடுகின்றன.

முதலாவது, பிரிவழிகளில் நிற்கும் நடுகற்கள். போரில் புறமுதுகு காட்டாமல் மாண்ட வீரர்களின் பெயரை எழுதி நட்ட கற்கள் எண்ண முடியாதபடி நிற்கும். அவர்கள் மகிழும்படி யாழை முறைப்படி மீட்டிப் பாடிவிட்டு, விரைந்து செல்லுங்கள் என்கிறான் வழி சொல்லும் கூத்தன். எத்தனை அழகான மரியாதை! அங்கேயே தங்கிவிட வேண்டாம். கண்டும் காணாமலும் போகவும் வேண்டாம்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகிற நாட்டின் பெயரை வழிப்போக்கர் அறிவதற்காகப் பொறித்து வைத்த எழுத்து. நெடுஞ்சாலையில் இன்று பச்சைப் பலகையில் மின்னுகிற ஊர்ப் பெயர்களின் மூதாதை அது.

இவை இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் என் மனத்தை விட்டு அகலாதது. "நீங்கள் இந்த இடத்துக்குப் புதியவர்கள். வழி பிரிகிற சந்தியில் துப்புரவு செய்து, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்கிறான் அந்தக் கூத்தன். எதற்காக? பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் இருப்பதற்காக. தனக்கே வழி தெரியாத ஒருவன், பசியோடு பரிசில் தேடிப் போகிறவன், தன்னுடைய கஷ்டத்துக்கு நடுவே ஒரு கணம் குனிந்து, முகம் தெரியாத இன்னொருவனுக்காகப் புல்லை முடிகிறான். இதைவிடச் சிறந்த தபால் இலாகா உலகத்தில் உண்டா?

நடுகற்களைப் பாட்டு மிகைப்படுத்திச் சொல்லவில்லை. செங்கத்தைச் சுற்றி அத்தனை நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே வெளியிட்டது. இவற்றில் எடுத்தனூர் என்ற ஊரின் கல் ஒன்றை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பல்லவ மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காவது ஆட்சி வருஷத்துக் கல் அது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எருமை மந்தையைக் காக்கப் போராடி ஒரு வீரன் விழுந்தான். கல்லில் அவன் உருவம். அவன் பின்னால் ஒரு நாயின் உருவம். அவன் பெயரைக் கல் சொல்கிறது. நாயின் பெயரையும் சொல்கிறது! அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு அது காவல் இருந்ததாம். மகேந்திரவர்மன் பெரிய ராஜா, கோயில்களைக் குடைந்தவன், நாடகம் எழுதியவன். அவனுடைய ஆட்சிக் கணக்கில் ஒரு நாய்க்கு இடம் இருந்திருக்கிறது.

இதோடு வேறொரு கல்லை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் உலக யுத்தம் முடிந்தபின் ஆங்கில சர்க்கார் நம் கிராமங்கள் பலவற்றில் சிறு சலவைக்கல் பலகைகளைப் பதித்தது. 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. கடல் கடந்து போய்ச் செத்தவன் யார் பிள்ளை, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த பெயர், இருபதாம் நூற்றாண்டில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. கணக்கு வேறு, ஞாபகம் வேறு என்பதை இந்த இரண்டு கற்களைப்போல் வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

கலசப்பாக்கத்திலிருந்து செங்கம் பக்கமாகப் போகும் உள்சாலை ஒன்றில் நாங்கள் வண்டியை நிறுத்தினோம். ஒரு கிழட்டுப் புளியமரத்தின் அடியில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல் சற்றே சாய்ந்து நின்றது. மஞ்சள், குங்குமம், எண்ணெய்; முன்னால் ஓர் அகல். எண்ணெய்ப் பூச்சுக்கு உள்ளே உற்றுப் பார்த்தால், ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக ஒரு வீரன். தலைக்கு மேலே எழுத்து ஓடியிருப்பதுபோல் கீற்றுக்கள். மரத்தில் பட்டையைச் செதுக்கி, வெள்ளைச் சாயத்தில் ஒரு நம்பர் போட்டிருந்தது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தாள்.

"இது யாருங்க, அம்மா?" என்று கேட்டேன்.

"வேடியப்பனுங்க, சாமி. எங்க மாமியாரு வெளக்கு வச்சிட்டிருந்தாங்க. அவங்களுக்கு அப்புறம் நான் வைக்கிறேன்."

"மரத்தை வெட்டப் போகிறார்களாமே?"

"மரம் போனா போவுது. அப்பன் எங்க போவாரு? தூக்கி அந்தாண்ட வச்சுப் பொங்கல் வச்சாச் சரியாப் போவுது."

"வேடியப்பன் ஆவதற்கு முன்னால் இவருக்கு என்ன பெயர்?"

பாட்டி என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "முன்னால யாரு இருந்தா, சாமி, சொல்றதுக்கு?"

"கல்லில் எழுத்து இருக்கிறது, அம்மா. பெயர் அதில் இருக்கலாம்."

அவள் அகலைக் கீழே வைத்தாள். முந்தானையால் கல்லின் தலைப்பக்கத்தை மெல்லத் துடைத்தாள். விளக்கு வைத்த இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கீற்றுக்களை எழுத்து என்று நினைத்ததில்லை போலும். "என்னா எழுதியிருக்குது, படிங்க" என்றாள். வட்டெழுத்து, எனக்கு ஒன்றிரண்டு வளைவுகளுக்கு மேல் பிடிபடவில்லை. செல்போனில் படம் எடுத்து, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். எண்ணெய் ஏறியிருக்கிறது, நேரில் வந்து சுத்தம் செய்து மைப்படி எடுத்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்று பதில் வந்தது. அதைப் பாட்டியிடம் சொன்னேன். "வரட்டும், வந்து படிக்கட்டும். ஆனா அப்பனை எடுத்துக்கினு மட்டும் போவக் கூடாது" என்றாள்.

செங்கம் வட்டாரத்தில் எத்தனையோ நடுகற்கள் இப்படி வேடியப்பனாகத்தான் உயிர் பிழைத்திருக்கின்றன. துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போகாமல், ஊரின் பயமும் பக்தியும் அவற்றைக் காத்திருக்கின்றன. பெயரை மறந்த பக்தி கல்லைக் காப்பாற்றியது. ஆனால் பக்தி பூசிய எண்ணெயே எழுத்தை மூடியும் விட்டது. கல்லைக் கொண்டுபோய் மியூசியத்தில் வைத்துவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் எழுத்துத் தெரியும், பெயர் வெளிவரும், விளக்கு அணைந்துவிடும். அந்தப் பாட்டிக்கு ஒரு தகப்பன் போய், நமக்கு ஒரு காட்சிப் பொருள் கிடைக்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மத்திய சர்க்காரின் 1958-ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. நம் மாநிலத்துக்கு 1966-ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் வாசலில் நீலப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேதம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது இப்போதைய மத்தியச் சட்டம். நல்லதுதான்; வேண்டியதுதான். ஆனால் அங்கே நிற்பது யார், என்ன செய்தான், ஏன் நிற்கிறான் என்பதை மட்டும் அந்தப் பலகைகளில் பல சொல்வதில்லை. தண்டனை தெரிகிறது, விஷயம் தெரிவதில்லை. புளியமரத்தடிக் கல்லுக்கோ அந்தப் பலகைகூட இல்லை. அதற்கு இருப்பது ஒரு பாட்டியும் ஓர் அகலும்.

மலைபடுகடாத்தின் இறுதிப் பகுதியில் ஓர் இடம் வருகிறது. உயர்ந்த சிம்மாசனமும் பரந்த நாடும் இருந்தும், கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று கையை விரித்தவர்களைப் பற்றிப் புலவர் சொல்கிறார். தங்கள் பெயரைத் தங்களோடேயே எடுத்துக்கொண்டு மாய்ந்துபோனவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்றால், சேயாற்றின் மணலைவிட அதிகமாம்! கலசப்பாக்கத்து ஆற்றில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். கால் வைத்தால் புதையும் மணல் அந்தக் காலத்தில் இருந்தது. லாரி லாரியாக மணல் ஏறிப் போன கதையை இன்று ஆற்றங்கரைக்காரர்கள் சொல்கிறார்கள். உவமைக்கு எடுத்த மணலே குறைந்துபோகும் காலம் வரும் என்று பெருங்கௌசிகனார் நினைத்திருக்க மாட்டார்.

பெயரைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போன ராஜாக்கள் போகட்டும். கோவிவனின் பெயரைப் பின்னால் வருகிறவர்களுக்காக யாரோ ஒரு கல்தச்சன் விட்டுச் சென்றான். புளியமரத்தடியில் நிற்பவனுக்கும் அப்படி ஒருவன் விட்டுச் சென்றிருக்கிறான். அது எண்ணெய்க்கு அடியில் காத்துக்கொண்டிருக்கிறது. மரத்துக்கு நம்பர் போட்டவர் கல்லுக்குப் போடவில்லை. ஒரு மண்வெட்டி இயந்திரம் தவறுதலாக ஒரு தரம் திரும்பினால் போதும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் காத்திருந்த பெயர் ஒரு நிமிஷத்தில் ஜல்லியாகிவிடும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சின்னக் காரியம் ஒன்று தோன்றுகிறது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊர் எல்லைக்குள் எழுத்துள்ள கல் எங்கெங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். கல்லை எடுக்க வேண்டாம். விளக்கை அணைக்க வேண்டாம். மைப்படி எடுத்துப் படித்தபின், மரத்தடியில் நான்கு வரியில் ஒரு பலகை: இவன் பெயர் இன்னது, இன்னாருடைய மகன், இன்னதைக் காக்கப் போய் விழுந்தான். வேடியப்பனுக்கு அதனால் மகிமை குறையாது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். எழுத்து இருக்கும் இடத்தை அவர்களுக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். பெரியவன் தன் விரலையும் அதன் மேல் ஓட்டிப் பார்த்தான். புல் முடிச்சு நாலு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும் என்பது மலைபடுகடாத்துக் கூத்தனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நாலு நாளைக்குள் பின்னால் வருகிறவன் வந்துவிட்டால் போதும். அவன் புதிதாக ஒன்றை முடிந்து வைத்துவிட்டுப் போவான்.